வலிக்கிறது என்று சொல்லப் பழகிய வருஷம்

இன்று காலை பிராக்டீஸில் உங்களில் ஒரு பெண் குதிரையிலிருந்து விழுந்தாள். விழுந்த வேகத்தில் எழுந்தாள், மரத்தூளைத் தட்டிவிட்டாள், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்றாள். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவி மட்டும் தட்டவில்லை என்று உங்களில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. முட்டிதான் போயிற்றே தவிர, காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் தட்டவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குதிரை முதுகில் எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, எப்போது குதிப்பது என்பதெல்லாம் உங்கள் மாஸ்டர் சொல்லித் தருவார். நன்றாகவே சொல்லித் தருவார், என்னிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்தானே. நான் பேசப்போவது விழுந்த பிறகு நடப்பதைப் பற்றி. அதைப் பற்றி நம் சர்க்கஸில் யாரும் வாயே திறப்பதில்லை.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்து மைதானம் ஒன்றில் தம்பு அடித்திருந்தோம். தம்பு என்றால் கூடாரம், இந்நேரம் உங்களுக்கே பழகியிருக்கும். இரண்டு குதிரைகள் ஜோடியாக ஓடும். ஒன்றின் முதுகில் ஒரு காலும் மற்றதன் முதுகில் மற்றக் காலும் வைத்து நான் நின்றபடி சுற்றி வருவேன். அதுதான் என் ஐட்டம். எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு எந்த வேலையும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அன்று காலம் தப்பிய மழை. தம்பு அங்கங்கே ஒழுகியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மகானுபாவர், தன் வழுக்கையில் இரண்டு சொட்டு விழுந்ததும், கறுப்புக் குடையைப் படாரென்று விரித்தார். இடது பக்கக் குதிரை மிரண்டு விலகியது. நான் இரண்டுக்கும் நடுவில் போனேன். தொடை ரிங்கின் மரச் சட்டத்தில் மோதி, உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நம் தொழிலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விழுந்தவர் ஜனங்களைப் பார்த்துச் சிரித்து, சலாம் வைத்துவிட்டுத்தான் ரிங்கை விட்டுப் போக வேண்டும். என்னால் எழ முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் சலாம் வைத்தேன். சிரித்தேன். இரண்டு ஜோக்கர்கள் ஒரு கான்வாஸ் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆடிப் பாடி, என்னை அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் போனதும் ஒரு ஜோக்கர் மூக்குச் சாயம் கலையக் கலைய அழுதான். நான் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு பெருமையாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காலில் கம்பி கோத்து, கயிறு கட்டி, எடையைத் தொங்கவிட்டு, என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அப்படியே மாசக்கணக்கில் கிடந்தேன். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அசையாமல் கிடந்ததில் முழங்கால் மரக்கட்டையாகிவிட்டது. பாதி திறந்து துருப்பிடித்து நின்றுபோன கதவு போல, கொஞ்சம் மடங்கும், அதற்கு மேல் ஒரு இம்மி நகராது. குதிரை முதுகில் உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து நிற்க வேண்டுமானால் முதலில் குந்த வேண்டும். குதிகால் பிட்டத்தைத் தொடுகிற அளவுக்கு முட்டி மடங்கினால்தான் குந்த முடியும். என் பிழைப்பு முழுக்க அந்த ஒரு மடிப்பில் இருந்தது.

நான் கயிற்றில் கிடந்தபோதே, தம்பு பிரித்து அடுத்த ஊருக்குக் கிளம்புகிற அன்று, டாக்டரைக் கேட்டுவிட்டு மேனேஜர் சேட்டன் பார்க்க வந்தார். தலைச்சேரிக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு தொங்குகிற எடையையே பார்த்தார்.

"மோளே, நேரே சொல்றேன். அடுத்த சீசன் திரும்ப இங்கதன்னே தம்பு. முட்டு மடங்கினா குதிரை நினக்கு. மடங்கலேன்னா கேட்டுல நின்னு டிக்கெட் கிழி. ஞான் கைவிட மாட்டேன்."

நல்ல மனுஷன். ஆனால் கேட்டில் நின்று உள்ளே பாண்டு வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, இந்தக் கட்டிலிலேயே கிடக்கலாம் என்று தோன்றியது. "குதிரையை யாருக்கும் கொடுக்காதீங்க சேட்டா, வந்துடறேன்" என்றேன்.

மட்டாஞ்சேரியில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது என் அதிர்ஷ்டம். பஜார் ரோட்டுக்குப் பின்னால், சுக்குக் கிடங்கை ஒட்டி வீடு. அத்தான் கிடங்கில் மூட்டை கணக்குப் பார்ப்பார். அக்கா அதே கிடங்கில் மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து சுக்குத் தரம் பிரிப்பாள். அந்த வீட்டில் சோற்றிலும் சுக்கு வாசனைதான் வரும். நான் கம்புகளை ஊன்றிக்கொண்டு உள்ளே நுழைந்த முதல் நாளே அத்தான் ஒரு வரன் சொன்னார். மனைவியை இழந்தவர், இரண்டு தெரு தள்ளி மளிகைக் கடை.

"அவருக்குக் கால் நேரா இருந்தாலே போதுமாம், மடங்கணும்னு இல்லையாம்" என்றார் அத்தான், பெரிய சலுகை மாதிரி.

"எனக்கு மடங்கணும்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் முட்டியை மடக்க வைப்பதற்கென்று ஒருவர் இருந்தார். படித்து முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார், என்னைவிட ஆறேழு வயது சின்னவர். மீசை இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் நான் சார் என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைச் சேச்சி என்றார். ஒரு கையைத் தொடையின்மேல் வைத்து, மறு கையால் கணுக்காலைப் பிடித்து, மெதுவாக மடக்குவார். மடக்கும்போது என் காலைப் பார்க்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். வலி எந்த அளவுக்குப் போகிறது என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அவர்கள் படித்த முறை.

"வேதனை உண்டோ, சேச்சி?"

"இல்ல சார்."

நான் சிரிப்பேன். அவர் இன்னும் கொஞ்சம் மடக்குவார். நான் இன்னும் நன்றாகச் சிரிப்பேன். கண்ணில் பூச்சி பறக்கும், முதுகெல்லாம் வியர்வை ஊறும், முகம் மட்டும் ரிங்கில் இருக்கிற மாதிரி இருக்கும். "சேச்சிக்கு நல்ல தைரியம்" என்று அவர் மற்ற நோயாளிகளிடம் என்னைக் காட்டிச் சொல்லுவார். எனக்குத் தலை கால் புரியாது. இந்தக் கணக்கில் போனால் மழைக்காலம் முடிவதற்குள் குதிரை ஏறிவிடலாம் என்று அக்காவிடம் அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் முட்டி வீங்கத் தொடங்கியது. மறுநாள் காலையில் பலாப்பிஞ்சு அளவுக்கு இருந்தது, தொட்டால் கொதித்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் தொடவே கூடாது என்றார். உள்ளே தசை கிழிந்து ரத்தம் கட்டியிருக்கிறதாம். இன்னொரு தடவை இப்படி ஆனால் அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு மாதிரி கட்டிப்போய், முட்டி ஆயுசுக்கும் மடங்காது என்றார். பிறகு அந்தச் சின்னவர் பக்கம் திரும்பி, என் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். "பேஷண்ட் வேண்டாம்னு சொல்ற வரைக்கும் மடக்குவியா? கண்ணில்லையா நினக்கு?"

அவர் தலைகுனிந்து நின்றார். வலிக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டதை, நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றதை, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. டாக்டர் போன பிறகு என்னிடம் கேட்டார், கோபமே இல்லாமல்.

"சேச்சி எதுக்கு சிரிச்சீங்க?"

சிரிக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. விழுந்த குழந்தை கையை ஊன்றுகிற மாதிரி அது தானாக வருகிறது. பதினைந்து வருஷமாகப் பழகிய முகம் அது, எங்கே ரிங், எங்கே ஆஸ்பத்திரி என்று அதற்குத் தெரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா? மற்றவர்கள் செய்கிற தப்பு வலியைக் கண்டு ஓடுவது. நம் மாதிரி ஆட்கள் செய்கிற தப்பு இது. வைத்தியம் பார்க்கிறவரையே ஜனக்கூட்டமாக நினைத்து அவருக்கும் ஒரு காட்சி நடத்திவிடுவோம்.

வீக்கம் வடிந்து மறுபடி போகத் தொடங்கியபோது அக்கா கிடங்குக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். என் அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. மட்டாஞ்சேரியில் அதுவும் மலையாளம் பேசப் பழகி இன்னும் நீண்டுவிட்டது. மூலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு எழுந்து வந்துவிட்டாள்.

"சாரே, மதி மதி, போதும். இவ மொகத்தப் பாக்காதீங்க. இவ சிரிப்பு பெருசாச்சுன்னா உள்ள உயிர் போவுதுன்னு அர்த்தம். சின்னதுல தேள் கொட்டினப்பவும் இப்படித்தான் இளிச்சா. இவ சிரிச்சாலே எனக்குப் பேடியா, பயமா இருக்கு."

அவர் கையை எடுத்துவிட்டார். "அப்போ எங்க பார்க்கிறது சேச்சி?"

அப்போதுதான் எனக்கு நம் தொழில் ஞாபகம் வந்தது. குதிரையும் வலியை முகத்தில் காட்டாது. நொண்டுகிற குதிரையைக் கண்டுபிடிக்க வலிக்கிற காலைப் பார்த்துப் பயனில்லை, நல்ல காலைப் பார்க்க வேண்டும். உடம்பின் பாரம் முழுக்க அதில்தான் விழும். "சார், என் நல்ல காலைப் பாருங்க" என்றேன். அவர் மறுபடி மடக்கினார். மூன்று பேரும் என் நல்ல காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முகம் சிரித்துக்கொண்டிருந்தது, அந்தக் காலின் விரல்கள் மட்டும் பாயைப் பறித்து எடுத்துவிடுகிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தன. "கண்டோ, கண்டோ!" என்று அக்கா கத்தினாள். அந்தச் சின்னவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

கொஞ்ச நாள் அப்படி ஓடியது. ஆனால் அவர் கெட்டிக்காரர். ஒரு நாள் சொன்னார்: "விரல் பிடிக்கறப்போ லேட்டாயிடுது சேச்சி. அதுக்கு முன்னால எனக்குத் தெரியணும். வாயால சொல்லுங்க. வலிச்சா சத்தம் போடுங்க."

சத்தம் போடுவதா! சொன்னால் நம்ப மாட்டீர்கள், என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. அக்கா என் தலைமாட்டில் நின்றுகொண்டு, "கத்துடி! உன்ன யாரு இங்க டிக்கெட் வாங்கிப் பாக்கறா? கத்து!" என்று அவளே கத்தினாள். அவர் மடக்கினார். பல்லைக் கடித்தேன். "பல்லக் கடிக்காத, கத்து!" இன்னும் கொஞ்சம் மடக்கினார். அப்போது வந்தது ஒரு சத்தம். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "அம்மாடியோ, வலிக்குதே, விடுடா பாவி" என்று அலறினேன். வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து போயே விட்டார்கள் என்று பிறகு அக்கா சொன்னாள். ரோட்டில் கைவண்டி தள்ளிக்கொண்டு போன ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பிரசவமா?" என்று கேட்டார்.

அதன் பிறகு அழுகை. விழுந்த நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். ஆட முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது, என் குதிரை மேல் இன்னொருத்தி நிற்பாளே என்ற பொறாமை இருந்தது, எல்லாம் சேர்ந்து வந்தது. அக்காவும் என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பாவி என்று திட்டியதற்கு ரொம்ப நன்றி என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

அதிலிருந்து நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம். வலி ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஒன்றில்லை. இழுக்கிற வலி என்று ஒன்று உண்டு. அது பொறுக்கலாம், பொறுத்தால்தான் மடங்கும். குத்துகிற வலி வேறு. அது வந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முந்தின வாரம் சம்பாதித்ததெல்லாம் போய்விடும். "இழுக்குது, இழுக்குது, போகலாம்... குத்துது, விடுங்க." இந்த இரண்டு வார்த்தையில் என் முட்டி மடங்கியது. வலியைத் தாங்குவது எனக்கு முன்பே தெரியும். எந்த வலி என்று பார்த்துச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தைரியம் என்று நான் இப்போது சொல்வது அதைத்தான்.

வீட்டிலும் அக்கா சும்மா விடவில்லை. என்னைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போய், பெண்களோடு சுக்குத் தரம் பிரிக்க உட்கார வைத்தாள். எல்லோரும் தரையில், நான் மட்டும் ஒரு மோடாவில் மகாராணி மாதிரி. சில வாரம் போனதும் மோடாவை எடுத்துவிட்டுப் பெட்டி போட்டாள். பிறகு பெட்டி போய் மணை வந்தது. ஒவ்வொரு தடவை உயரம் குறையும்போதும் முதல் சில நாள் அக்காவைச் சபித்தேன், வாய்விட்டு. அந்தப் பெண்கள் மலையாளத்தில் எனக்கு எதிர்ப்பாட்டுப் பாடினார்கள். சுக்குப் பொடியில் தும்மும்போது முட்டியில் சுரீரென்று இழுக்கும், அதற்கும் ஒரு கத்தல். மழை முடிந்து வெயில் வந்த ஒரு காலையில், மணையைத் தள்ளிவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்தேன். குதிகால் பிட்டத்தில் பட்டது. எல்லாப் பெண்களும் சுக்கைப் போட்டுவிட்டு ஓவென்று கூவினார்கள். மேஸ்திரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் எல்லோருக்கும் சாயா சொன்னார்.

கம்பெனி சொன்னபடி திரும்பி வந்தது. அதே மைதானம். காலை பிராக்டீஸுக்கு நான் நடந்தே போனேன், கம்பு இல்லாமல். என் குதிரைகளில் ஒன்றின் மேல் ஒரு புதுப் பெண் நின்று சுற்றிக்கொண்டிருந்தாள். நன்றாகவே நின்றாள், பொய் சொல்வானேன். என்னைப் பார்த்ததும் இறங்கி ஒதுங்கினாள். எல்லோரும் ரிங்கைச் சுற்றி வந்து நின்றார்கள். மேனேஜர் சேட்டன் என்னைக் குந்தச் சொன்னார். குந்தினேன். எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தேன்.

"வேதனை உண்டோ?"

"உண்டு சேட்டா."

அப்படி ஒரு பதில் அந்தத் தம்புவில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. ஜோக்கர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சேட்டன் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார்.

"வலி உள்ளவளை எப்படி ரிங்குல விடறது? நாலாயிரம் கண்ணு பார்க்கும். நீ வீழ்ந்தா கம்பெனிக்குப் பேரு போகும். கேட்டுல நில்லு மோளே, அதுல ஒரு குறைச்சலும் இல்ல."

நான் விடுவதாக இல்லை. "சேட்டா, இங்க நிக்கற எல்லாருக்கும் எங்கியாவது வலி உண்டு. அவங்க சொல்லல, நான் சொல்றேன். எனக்கு எழுந்திருக்கறப்போ இழுக்கும், அது பரவால்ல. ரொம்ப நேரம் நின்னா குத்தும், அதுக்கு முன்னால நானே சொல்லிடுவேன். எது எப்போ வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவ விழ மாட்டா. ஏத்திப் பாருங்க, அப்புறம் கேட்டுக்கு அனுப்புங்க."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். ஒரு சுற்று.

குதிரை முதுகில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்து மாஸ்டர் சாட்டையைச் சொடுக்கினார், குதிரை ஓடத் தொடங்கியது. கையை ஊன்றிக் குந்தினேன். இழுத்தது. கடவுளே, எப்படி இழுத்தது! "இழுக்குது, போகலாம்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு எழுந்தேன். நின்றேன். காற்று முகத்தில் அடித்தது. கைகள் தானாக விரிந்தன. சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் ஒன்றாகக் கலங்கி ஓடின. ஒரு சுற்று முடிந்தது. சேட்டன் தன்னை மறந்து, "இன்னும் ஒண்ணு! போ, போ!" என்று கையை வீசினார். எல்லோரும் கை தட்டினார்கள். போகத்தான் ஆசை. ஆனால் முட்டிக்குள் ஊசி முனை தொடுகிற மாதிரி ஆரம்பித்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்றேன்.

கை தட்டல் நின்றது. குதிரை நின்றது. நான் மெதுவாக உட்கார்ந்து, சரிந்து இறங்கினேன். சேட்டன் என் பக்கத்தில் வந்து, என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல வா" என்றார். "ரெண்டு சுத்து."

"ஒண்ணரை, சேட்டா" என்றேன்.